உடப்புக் கரையிலே என் பாட்டனார்

என் பேத்திக்குப் பதினொரு வயது. சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகப் பெரிய வெள்ளைத்தாளொன்றை மேசைமீது விரித்து, வட்டம் வட்டமாக வரையத் தொடங்கினாள். ஒவ்வொரு வட்டத்திலும் குடும்பத்தார் ஒருவருடைய படத்தை ஒட்டி, அதன் கீழே பெயரும் ஊரும் தொழிலும் எழுதிவர வேண்டும் என்பது ஆசிரியையின் கட்டளையாம். தந்தை, தாய், பாட்டன், பாட்டி என்று வட்டங்கள் நிறைந்துகொண்டே போயின. உச்சியில் இருந்த ஒரு வட்டம் மாத்திரம் வெறுமையாக நின்றது.

"தாத்தா, உங்களுடைய தாத்தாவின் படம் எங்கே?" என்றாள்.

படம் இல்லை. நம் நாட்டில் ஆட்பதிவுச் சட்டம் 1968ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது 1972இல். சாதாரண மக்களுள் எத்தனையோ பேர் வாழ்நாளில் முதன்முதலாகப் படம் பிடித்துக்கொண்டது அந்த அட்டைக்காகத்தான். என் பாட்டனார் 1968இலேயே காலமாகிவிட்டார். சிலாபத்துப் படப்பிடிப்பு நிலையமொன்றுக்கு வருமாறு உறவினர் அழைத்தபோதெல்லாம், "படத்துக்குப் போட என்னிடம் சட்டை எங்கே இருக்கிறது?" என்று சொல்லித் தட்டிக் கழித்தாராம்.

"சரி, அவர் எப்படி இருப்பார் என்று சொல்லுங்கள், நானே வரைந்துவிடுகிறேன்" என்று பென்சிலைக் கையில் எடுத்தாள் பேத்தி.

சொல்லத் தொடங்கினேன். கறுத்த மேனி; நெடிய உருவம்; தலையிலே ஒரு துண்டு. மூக்கு எப்படி? கண்கள் எப்படி? எனக்கே திகைப்பாக இருந்தது. அவருடைய கைகள் நினைவில் இருக்கின்றன. உள்ளங்கையின் குறுக்கே கயிறு ஓடி ஓடி விழுந்த தழும்பு, என் தலையை அவர் தடவும்போது முடியிலே சிக்கி இழுக்கும். அது நினைவில் இருக்கிறது. முகம் மட்டும், கடலிலிருந்து பார்க்கும் கரையைப்போல மங்கிக் கிடந்தது. எழுபதைத் தாண்டிய எனக்கே இப்படியென்றால், எனக்குப் பின் அவரை யார் அறிவார்? அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் பேத்தியை அழைத்துக்கொண்டு கோட்டைப் புகையிரத நிலையத்துக்குப் புறப்பட்டேன்.

புத்தளம் செல்லும் பாதையில் பயணஞ் செய்யாத வாசகர்கள் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். நீர்கொழும்பைக் கடந்து மகா ஓயாவின் பாலத்தில் வண்டி ஓசையிட்டு ஏறியதும் புத்தளம் மாவட்டம் தொடங்கிவிடுகிறது. அப்பால் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தென்னை, தென்னை, தென்னைதான். குருநாகல், சிலாபம், புத்தளம் மூன்றையும் இணைத்துத் தென்னை முக்கோணம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தென்னை ஆராய்ச்சி நிலையமும் இப்பாதையிலே லுணுவிலையில்தான் இருக்கிறது. சிலாபம்வரை இருப்புப்பாதை வந்தது 1916இல். புத்தளத்தை எட்டியது 1926இல். அந்த இடைப்பட்ட காலத்தில் பாதைக்கு மண் சுமந்தவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். தம் வயது அவருக்குத் தெரியாது. "புத்தளத்துக்கு ரெயில் வந்த வருஷம் உன் தகப்பன் பிறந்தான்" என்பார். எங்கள் குடும்பத்தின் காலக்கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிலாபத்தில் இறங்கினோம். முத்துக் குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்ற சொல்லே சிலாபம் ஆயிற்று என்று கூறுவோர் உளர். பட்டினத்துக்கு அருகில் முன்னேஸ்வரம். போர்த்துக்கேயர் 1578இல் இடித்தழித்த பின்னரும் எழுந்து நின்ற தலம் அது. ஆண்டுதோறும் ஆவணித் திருவிழாவுக்கு என் பாட்டனார் பதினைந்து மைலுக்கு மேல் கால்நடையாகவே வருவார்; வழிக்கு வேண்டிய பழஞ்சோற்றை வாழையிலையிலே கட்டிக்கொள்வார். பேத்தியும் நானும் பேருந்தில் ஏறினோம். காலம் அவ்வளவு மாறியிருக்கிறது.

தெதுறு ஓயாவைத் தாண்டியபின் நிலத்தின் முகமே வேறாகிவிடுகிறது. தென்னையோடு பனையும் தலைகாட்டுகிறது. மண் வெளுக்கிறது, காற்றிலே உப்பு மணம் ஏறுகிறது. வழியெங்கும் சதுரஞ் சதுரமாக வரம்பு கட்டிய குளங்களைக் கண்டு, "இவை வயல்களா?" என்று பேத்தி கேட்டாள். இறால் பண்ணைகள். 1980களில் இம்மாவட்டத்தின் களப்புக் கரைகளில் கண்டல் காடுகளை வெட்டி இவற்றை அமைத்தனர். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணை பண்ணையாக இறாலைக் கொன்றது. சிலவற்றில் இன்றும் இறால் வளர்க்கிறார்கள். வேறு சில உவர் பூத்து வறண்டு கிடக்கின்றன. கண்டலும் போய், இறாலும் போன குளத்தைப்போல மனத்தை உறுத்தும் காட்சி வேறில்லை.

ஆண்டிமுனையைக் கடந்து உடப்பை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஒரு புறம் இந்துமா கடல். மறு புறம் முந்தல் களப்பும் ஒல்லாந்தர் வாய்க்காலும். முற்காலத்தில் கொப்பறாவும் கருவாடும் ஏற்றிய பாதைத் தோணிகள் அந்த வாய்க்கால் வழியாக நீர்கொழும்புக்கும் அப்பாலும் சென்றன. உடைப்பு என்ற பெயரே உடப்பு என மருவிற்று என்பர் ஊர்ப் பெரியோர். இராமநாதபுரக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர் நம் முன்னோர் என்பதும் அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. சிங்களமும் தமிழும் பேசும் பல மதத்தாரும் கலந்து வாழும் மாவட்டத்திலே இது தமிழ்ச் சைவ மீனவர் நிறைந்த ஊர். நடுவே திரௌபதை அம்மன் ஆலயம். ஆடி மாதத்தில் பதினெட்டு நாள் விழா எடுத்து, நிறைவிலே தீ மிதிப்பார்கள். பாட்டனார் பல ஆண்டுகள் பூக்குழி இறங்கியவர். சுடவில்லையா என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. "மதியம் பன்னிரண்டு மணிக்குக் கரை மணலில் நின்று கயிறு இழுத்தவன் காலுக்கு இது என்ன பெரிசு?" என்றார். பக்தியைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசிக் கேட்டதில்லை.

ஆடியில் விழா வைத்ததற்கும் தொழிலுக்கும் பொருத்தம் உண்டு. வைகாசிக்குப் பின் கச்சான் காற்று எழுந்தால் மேற்குக் கடல் மூண்டுவிடும். கரைவலை வளைக்க இயலாது. சிலர் கீழ்க்கரைக்குத் தொழில் தேடிப் போவார்கள். போகாதவர்கள் களப்பிலே வலை வீசுவார்கள், வலை பொத்துவார்கள், தேங்காய் மட்டையை நீரில் ஊறப்போட்டு அடித்துக் கயிறு திரிப்பார்கள். ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பிக் கடல் அடங்கியதும் மீண்டும் கரை கலகலக்கும்.

கரைவலை என்றால் என்னவென்று பட்டினத்துப் பிள்ளைகளுக்காகச் சிறிது கூறுகிறேன். வலையின் நடுவே பெரிய பை போன்ற மடி. இருபுறமும் நீண்ட கைகள். கைகளின் நுனியிலிருந்து நெடுந்தூரம் ஓடும் கயிறு. ஒரு கயிற்றின் முனையைக் கரையில் நிற்போரிடம் கொடுத்துவிட்டுத் தோணி கடலுக்குள் செல்லும். கயிற்றையும் பிறகு வலையையும் விட்டுக்கொண்டே பெரிய அரைவட்டமாக வளைத்து, மறு கயிற்றுடன் தொலைவிலே கரையேறும். அதன்பின் இருபுறமும் ஆட்கள் வரிசையாக நின்று, அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டு இழுப்பார்கள். ஒருவன் பாடுவான், மற்றவர் ஏற்றுப் பாடுவர், பாட்டின் அடிக்கு ஏற்பக் கால் மணலில் புதையும். இரண்டு மூன்று மணி நேரம் இழுத்தபின் இரு வரிசையும் நெருங்கி வந்து மடி கரையேறும். சில நாள் தோணி நிறையச் சூடையும் நெத்தலியும். சில நாள் கடற்பாசியும் இரண்டு காரலும்.

வலைக்கு உடையவர் சம்மாட்டி. கடலின் நிறத்தையும் பறவையின் தாழ்வையும் பார்த்து, எங்கே எப்போது வளைப்பது என்று முடிவு செய்து ஆட்களை நடத்துபவர் மண்டாடி. எட்டு வயதில் கயிற்றுச் சுருள் சுமக்கும் பையனாகக் கரைக்கு வந்த என் பாட்டனார், முப்பதாவது வயதளவில் மண்டாடி ஆனார். கடைசிவரை மண்டாடியாகவே இருந்தார். அவருக்கென்று ஒரு முழம் வலைகூடக் கிடையாது. பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றிலே வலையைத் தோய்த்துக் காயவைக்கும் நாளில் அவர் கை முழங்கைவரை கறுத்திருக்கும். அதோடுதான் சோறு பிசைந்து எனக்கு ஊட்டுவார். நான் கைக்குழந்தையாயிருந்தபோதே என் தந்தையார் இறந்துவிட்டமையால் என்னை வளர்த்த கை அதுதான்.

பாட்டனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் கணக்குத் தவறியதில்லை. வாடியின் வளையிலே ஆளுக்கொன்றாகத் தென்னங்கயிறுகள் தொங்கும். ஒன்றின் நுனியில் சிப்பி, ஒன்றில் உடைந்த வளையல், ஒன்றில் சட்டைப் பொத்தான் என்று அடையாளம் கட்டியிருப்பார். ஒரு நாள் கயிறு பிடித்தால் ஒரு முடிச்சு. சனிக்கிழமை மாலையில் முடிச்சுகளை எண்ணிப் பங்கு பிரிப்பார்கள். செலவு போக எஞ்சியதில் வலைக்கு ஒரு பாதி. ஆட்களுக்கு ஒரு பாதி. மண்டாடிக்கு ஆட்பங்குடன் இன்னொரு பங்கு கூட.

1960ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. கூட்டல் கழித்தலில் வகுப்பில் முதலாவதாக வந்த செருக்கு எனக்கு. சம்மாட்டியார் ஒரு கொப்பி வாங்கித் தந்து, இனி நீயே கணக்கெழுது என்றார். முடிச்சுக்குப் பதில் எழுத்து! உலகத்தையே ஆளத் தொடங்கியவன்போல வாடியில் அமர்ந்து பெயர் பெயராக எழுதினேன். பாட்டனார் என் கொப்பியை மதித்தார். ஆனால் முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை.

அந்தப் பருவத்தில் சிப்பிக் கயிற்றுக்குரியவருக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. ஆள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். சனிக்கிழமை நான் பட்டியலைப் படித்தேன். அவர் பெயரைப் படிக்கவில்லை.

"ஒரு பேர் குறைகிறதே?" என்றார் பாட்டனார்.

"அவர் இந்த வாரம் கயிறு பிடிக்கவில்லை" என்றேன். சம்மாட்டியார் தலையசைத்தார். பிடித்தவனுக்குத்தானே பங்கு? கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பாட்டனார் ஒன்றும் சொல்லவில்லை. பங்கு பிரித்து எல்லாரும் போனபின் என்னை வளையருகே அழைத்துச் சென்று சிப்பிக் கயிற்றைக் காட்டினார். அதில் அந்த வாரத்துக்கும் ஆறு முடிச்சு இருந்தது.

"அவன் கை இந்தக் கயிற்றிலே இருந்த நாளெல்லாம் நீ பிறக்கவே இல்லை" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாத செய்தியொன்றைத் தெரிவிப்பவர்போலச் சொன்னார். பிறகு தம் மண்டாடிப் பங்கை மடியிலிருந்து எடுத்து, அந்த வீட்டிலே கொடுத்துவிட்டு வருமாறு என்னை அனுப்பினார். "வாடியிலிருந்து தந்தார்கள் என்று சொல். வேறொன்றும் சொல்லாதே." அப்படியே ஆறு வாரம். ஆறு வாரமும் நான்தான் கொண்டுபோனேன். அந்த வீட்டம்மா முந்தானையிலே வாங்கி முடிந்துகொள்வார். ஒரு வார்த்தையும் பேசமாட்டார். எங்கள் வீட்டிலே அந்த ஆறு வாரமும் குழம்பு நீர்த்திருந்தது. பாட்டி காரணம் கேட்டார். பாட்டனார், "பாடு சரியில்லை" என்றார். அதற்குமுன் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை; பின்னும் கேட்டதில்லை.

இது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த செய்தி என்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் பட்டியலில் விடுபட்ட அந்தப் பெயர் சில இரவுகளில் என்னை எழுப்பியதும் உண்டு.

என் படிப்பைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கல்வி 1945 முதல் இந்நாட்டில் இலவசம், உண்மைதான். ஆனால் பட்டினத்துப் பள்ளிக்கூடத்திலே சேர்ந்தால் விடுதியில் உண்ண வேண்டும். சட்டையும் செருப்பும் வேண்டும். அவை இலவசமல்ல. வலையிலே கால் பங்கு வாங்குவதற்கென்று பாட்டனார் நெடுங்காலமாகச் சேர்த்துவைத்த பணம் ஒன்று இருந்தது. நான் பட்டினத்துக்குப் போன ஆண்டிலே அந்தப் பணம் போயிற்று. விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் கயிறு பிடிக்கக் கரைக்கு ஓடுவேன். "கையைக் கெடுத்துக்கொள்ளாதே, பேனா வழுக்கும்" என்று விரட்டிவிடுவார். அதனால் மண்டாடியின் பேரனாகிய நான் வாழ்நாளில் ஒரு முழு வலை இழுத்தவனல்லன்.

1968இல் நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. அது என் கைக்குச் சேர்ந்தபோது ஒரு நாள் கழிந்துவிட்டது. நான் ஊர் வந்து சேர்ந்தேன். எல்லாரும் மயானத்திலிருந்து திரும்பி, குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். வாடிக்குப் போனேன். வளையிலே கயிறுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றையாவது எடுத்துவைத்துக்கொள்ள வேண்டுமென்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இளமையின் அறியாமை அது. அடுத்த மழைக்கு வாடி சரிந்துவிட்டது.

இவற்றையெல்லாம் ஆலயத் திண்ணையில் அமர்ந்து பேத்திக்குச் சொன்னேன். "அந்த வீடு இப்போதும் இருக்கிறதா?" என்று கேட்டாள். நான் வந்ததே அதற்காகத்தான் என்பதை அப்போதுதான் எனக்கு நானே ஒப்புக்கொண்டேன்.

வீடு இருந்தது, ஓலை போய் ஓடு வந்திருந்தது. சிப்பிக் கயிற்றுக்காரருடைய மகன் முற்றத்திலே வலை பொத்திக்கொண்டிருந்தார்; என்னிலும் இரண்டொரு வயது இளையவர். நைலோன் நூலுக்குப் பனிச்சங்காய் வேண்டியதில்லை. ஆனால் அறுந்தால் பொத்தத்தான் வேண்டும். என்னை இனங்கண்டதும், "மண்டாடியார் பேரனா! வாங்க அண்ணே" என்று எழுந்து பாயை விரித்தார். தேநீர் வந்தது. ஊர்க்கதைகள் பேசினோம். நாவிலே வந்துவந்து திரும்பிய செய்தியைக் கடைசியில் சொல்லிவிட்டேன். பட்டியலில் பெயரை விட்டது நான். ஆறு வாரமும் வந்த பணம் வாடிப் பணமன்று, பாட்டனாருடைய பங்கு.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "அம்மாவுக்குத் தெரியுமே, அண்ணே" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நோயாளிக்குப் பங்கு அனுப்புகிற சம்மாட்டி எந்த ஊரிலே இருக்கிறார்? முதல் வாரமே அம்மா கணக்குப் பார்த்துவிட்டா. வாங்காமல் விட்டால் மண்டாடியார் மனம் நோகும்; வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவர் வாங்கமாட்டார். அதனால்தான் கயிறு."

"என்ன கயிறு?"

"வருஷா வருஷம் கச்சான் காலத்தில் ஒரு சுருள் திரித்து, விடியுமுன் உங்கள் வீட்டுத் திண்ணையிலே வைத்துவிட்டு வருவா. நானும் கூடப் போயிருக்கிறேன். நாய் குரைக்காதிருக்க ஒரு கருவாட்டுத் துண்டு கொண்டுபோவோம்."

அந்தக் கயிற்றுச் சுருள்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. காலையில் கதவைத் திறந்தால் திண்ணையில் கிடக்கும். புதிதாய், பொன்னிறமாய், பிசிறின்றி முறுக்கியிருக்கும். யாரோ வியாபாரி வைத்துவிட்டுப் போனது என்றே நான் எண்ணியிருந்தேன். பாட்டனார் அதை எடுத்து விரலால் உருட்டிப் பார்ப்பார். "நல்ல கை" என்பார். யார் வைத்தது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது! இருவரும் அறிந்தே இருந்திருக்கிறார்கள்; இடையிலே பணமும் கொப்பியும் சுமந்த நான் ஒருவனே அறியாதவன்.

அந்த அம்மா 1990களில் காலமானாராம். அவருக்கும் இளம் வயதுப் படம் கிடையாது; முதுமையில் எடுத்த அடையாள அட்டைப் படமொன்றைச் சுவரிலே மாட்டியிருந்தார்கள். பேத்தி அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பாட்டனாருடைய முகத்தை உங்களால் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அவர் கடலைப் பார்த்துக்கொண்டே நிற்பார், அண்ணே. நாங்கள் எல்லாம் அவர் முதுகைத்தான் பார்த்தோம்."

மறுநாள் பொழுது புலருமுன் கரைக்குப் போனோம். பள்ளியில் படித்ததைப் பேத்தி எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தாள்: 1344இல் இபுனு பதூதா என்ற யாத்திரிகர் புத்தளத்தில் இறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார், ஆறு அடித்துவந்த கறுவா மரங்கள் இந்தக் கரையெங்கும் கிடந்ததைக் கண்டு வியந்தார். நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். இதே மாவட்டத்துக் கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி என்பார், இலங்கையின் ஊர் விவரங்களைத் திரட்டி 1834இல் ஒரு நூலும், தமிழ்ப் புலவர் வரலாற்றைத் திரட்டி 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அரசரையும் புலவரையும் எழுதிவைக்க இக்கரைக்கு ஆட்கள் வாய்த்தார்கள். கயிறு இழுத்தவர்களின் பெயர் சிப்பியிலும் பொத்தானிலும் தொங்கியதோடு சரி.

வடக்கே சிறிது தூரத்தில் உழவு இயந்திரமொன்று உறுமிக்கொண்டிருந்தது. அதிலே பொருத்திய சுழலியில் கயிறு தானே சுற்றுகிறது. நாற்பது பேர் இழுத்ததை எட்டுப் பேர் இழுத்துவிடுகிறார்கள். அதைக் கண்டு பெருமூச்சுவிட நான் விரும்பவில்லை. மழைநாளில் தோளைப் பிடித்துக்கொண்டு உறங்காமல் உட்கார்ந்திருந்த பாட்டனாரைக் கண்டவன் நான். அந்த இயந்திரம் அவர் காலத்தில் வந்திருந்தால் அதற்கு ஒரு மாலை போட்டிருப்பார். போட்டுவிட்டு, மீதி முப்பத்திரண்டு பேர் எங்கே என்றும் கேட்டிருப்பார்.

நாங்கள் சென்ற பாட்டிலே இன்னும் கையால்தான் இழுக்கிறார்கள். சிப்பிக் கயிற்றுக்காரருடைய மகன் எங்களைக் கண்டு கையசைத்தார். இப்போது அவர் இழுப்பதில்லை. அவருடைய பேரன்மார் வரிசையில் நின்றார்கள். "பிள்ளை கை வைக்கட்டும்" என்றார். பேத்தி என்னைப் பார்த்தாள். பேனா வழுக்கும் என்று சொல்ல எனக்கும் வாய் வந்தது, சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையின் கடைசியிலே போய் நின்றாள். நானும் அவளுக்குப் பின்னே நின்று கயிற்றைப் பிடித்தேன். நைலோன் கயிறு, ஆயினும் ஈரமும் உப்பும் அதே ஈரமும் உப்புந்தான். இழுத்ததாகச் சொல்வது மிகையாகும். அவர்கள் இழுத்தார்கள், எங்களையும் சேர்த்து இழுத்தார்கள். அம்பாப் பாட்டை முதியவர் இருவர் மட்டும் பாடினர். இளைஞர் எண்ணிக்கை சொல்லியே இழுத்தனர்.

மடி கரையேறியபோது சூரியன் தென்னைக்கு மேல் வந்துவிட்டான். பெரிய பாடில்லை. சூடை பாதி, காரல் பாதி, நடுவே துள்ளிய சில பாரைக் குஞ்சுகள். வியாபாரிகள் விலை பேசத் தொடங்கினார்கள். கைபேசியுடன் ஓர் இளைஞன் வரிசையாக வந்து கணக்குப் பதிந்தான். எங்களைத் தாண்டிப் போனவன் திரும்பிவந்து, "பேர் சொல்லு, தங்கச்சி" என்றான்.

"நான் கொஞ்ச நேரம்தான் பிடித்தேன்" என்றாள் பேத்தி.

"கயிற்றிலே கை வைத்தாய்தானே?" என்று சொல்லிப் பெயரைப் பதிந்துகொண்டான். நான்கு சூடையும் ஒரு சிறு பாரையும் பனையோலைப் பெட்டியொன்றில் வந்து சேர்ந்தன, கறிக்கு மீன்.

மாலை வண்டியில் கொழும்புக்குத் திரும்பினோம். அந்த மீனைக் கொழும்புவரை கொண்டுவருவதா என்று தயங்கி, சிப்பிக் கயிற்றுக்காரருடைய வீட்டிலேயே பொரிக்கச் சொல்லி உண்டுவிட்டோம்; வெறும் பெட்டிதான் எங்களுடன் வந்தது. மாதம்பை கடக்கும்போது பேத்தி தாளை மடியில் விரித்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். வெறும் வட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் கீழே பெயரை எழுதினாள், ஊரை எழுதினாள். பிறகு தலை நிமிர்ந்தாள்.

"தாத்தா, மண்டாடி என்பதற்கு இரண்டு சுழி 'ன'வா, மூன்று சுழி 'ண'வா?"

"மூன்று சுழி" என்றேன்.